அடடையை

ஈசூனில் எங்கள் வங்கியின் இயந்திரம்
பதினான்கு மாதமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது:
அடடையை எடுக்கவும்.
ஒரு புள்ளி குறைவு.
புகார் எழுதியவர் கோ. வில்வநாதன், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
"இயந்திரமே அடடா என்று தொடங்குகிறது,
பிறகு நான் என்ன சொல்ல?" என்று முடித்திருந்தார்.

புகார் என் மேசைக்கு வந்தது.
என் பதவி ஒருங்கிணைப்பாளர்.
ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பதை
மூன்றாமவருக்குத் தெரிவிக்கும் வேலை.
பதினோரு ஆண்டுகள். நன்றாகவே செய்தேன்.

புள்ளிக்காகப் புறப்பட்டேன்.
சொற்கள் குழு சொன்னது: புள்ளி எங்களுடையதுதான், திரை வேறு ஆட்கள்.
திரைக் குழு: எழுத்துரு வரட்டும், ஏற்றுவோம்.
எழுத்துருக் குழுவில் இருவர்,
ஒருவர் பிள்ளைப்பேறு விடுப்பில்.
பாதுகாப்புக் குழுவுக்கு நாற்பது பக்கப் படிவம்;
பதினேழாம் கேள்வி: இம்மாற்றத்தால் நிதியிழப்பு நேருமா?
புள்ளியால் நேராது என்று எழுதினேன்.
ஆதாரம் இணைக்கவும் என்று திரும்பி வந்தது.
வெளியீட்டுக் குழு மாதத்தின் மூன்றாம் வியாழனில் கதவு திறக்கும்.
அந்த வியாழன் தீபாவளிக்கு முதல் நாள்,
எதையும் தொடக்கூடாது.

அப்போதுதான் ரோஸ்னானி வந்தார், புதிய தலைவர்.
பீப்பிள்ஸ் பார்க்கில் சிவப்புக் கம்பளி நூல்
ஓர் உருண்டை வாங்கிவரச் சொன்னார்.
ஆறாம் மாடிச் சுவரில் குழுக்களின் பெயர்களை ஒட்டி
யார் யாருக்காகக் காத்திருக்கிறார்களோ
அவர்களுக்கிடையே கட்டச் சொன்னார்.
மாலைக்குள் சுவர் தெரியவில்லை.
குடித்தவன் வரைந்த எம்ஆர்டி வரைபடம் என்றார் டாங் பூன் கெங்.
எந்த நூலைப் பிடித்துப் போனாலும்
ஒரு பெயரைச் சுற்றிக்கொண்டே போனது.
என் பெயர்.

கூட்டங்களைக் குறைக்க ஒரு கூட்டம் போடலாமா என்றேன்,
பழக்கம்.
ரோஸ்னானி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை நீட்டினார்.

சொற்களைத் திரைக்குள்ளிருந்து பிரித்து
தனிக் கோப்பில் வைத்தார்கள்.
கோப்பும் சாவியும் பூன் கெங்கின் ஐந்து பேரிடம்.
சோதனையை இயந்திரமே செய்துகொள்ளும்,
வியாழனுக்குக் காத்திருக்க வேண்டாம்.
பாதுகாப்பு நூலை மட்டும் விட்டுவைத்தோம்,
நாற்பது பக்கம் நான்காயிற்று.
எழுத்துருக் குழு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
ஒவ்வொரு நூலிலும் யாரோ ஒருவரின் சம்பளம் தொங்கியது.
மிகத் தடித்ததில் என்னுடையது.

மெய்க்குப் புள்ளி வைத்தால் அகரம் விலகிவிடும்,
பள்ளியில் படித்தது.
விலகினாலும் அந்த ட்-க்கு
தானாக ஒரு சொல்லைத் தொடங்கத் தெரியாது.
முன்னே ஓர் எழுத்து வேண்டும்,
சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் இன்னொரு டகரம் வேண்டும்.
எதை விடுவது எதில் சாய்வது என்பதற்கு
எங்களிடம் படிவம் இருந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை
பத்தொன்பது நிமிடத்தில் புள்ளி ஏறியது.
மதியமே, அதே வேகத்தில், வேறொரு பிழையும் ஏறியது:
பணம் பனம் ஆனது.
வில்வநாதனுக்கு முன் நான் பார்த்துவிட்டேன்.
பூன் கெங்கை நேராக அழைத்தேன்.
அவருடைய கோப்பி ஆறுவதற்குள் சரியானது.

பிப்ரவரியில் என் பதவி வரைபடத்திலிருந்து நீங்கியது.
வேறு வேலை தருவார்களாம், இன்னும் பெயர் வைக்கவில்லை.
மிச்ச நூல் கைப்பையில் கிடக்கிறது,
சாவிக்கொத்தோடு சிக்கிக்கொண்டு.

நேற்று ஈசூன் போனேன்.
எனக்கு முன் நான்கு பேர்.
யாரும் தமிழைத் தேர்ந்தெடுக்கவில்லை.
நான் தேர்ந்தெடுத்தேன். இருப்பு மட்டும் பார்த்தேன்.
அட்டையை எடுக்கவும் என்றது.
புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
இயந்திரம் பீப் பீப் என்று கத்தும்வரை,
பின்னாலிருந்து ஒரு பையன்
ஆன்ட்டி, முடிஞ்சுதா என்று கேட்கும்வரை.

எடுத்தேன்.